பெரிய டாக்டருக்கு ஆஃப் கொடுத்தோம்

சென்ற மாதம் என் பழைய மருத்துவமனையிலிருந்து ஒரு சிஸ்டர் போன் செய்தாள். செவிலியர்களுக்கென்று அங்கே புதிதாக ஓர் அறை திறந்திருக்கிறார்களாம். வாசலில் 'நலவாழ்வு அறை' என்று பலகை. உட்கார்ந்தால் இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் மெத்தை நாற்காலி, சுவர் முழுக்க அருவிப் படம், மூலையில் மூங்கில் செடி. "வேலை பாத்துப் பாத்து மனசு வெந்துபோகாம இருக்கறதுக்கு மேடம்" என்றாள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள்: "உங்க காலத்துல இந்த மாதிரி எதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. காலையில எல்லாரும் சிரிக்கணும்னு ஆர்டர் போட்டிருந்தாங்க."

நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். கேலி இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் கிரேஸ். செய்யூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக் கூலி வாங்கியவர்கள். செங்கல்பட்டில் நர்சிங் படித்தேன். அந்த வருடங்களில் கற்றதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிப்பது, ஊசி உள்ளே போகும் நேரத்தில் நோயாளியை மாட்டைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ பேச வைப்பது. மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். கடலோர மீனவக் குப்பங்களிலிருந்தும், உள்ளே சவுக்குத் தோப்புகளைத் தாண்டிய கிராமங்களிலிருந்தும் சனங்கள் வருவார்கள். வெளிநோயாளிகள் வரிசை காலையில் கேட்டுக்கு வெளியே தொடங்கும்.

அந்த வரிசையின் மறுமுனையில் நின்றவர் டாக்டர் சாரங்கபாணி. எங்களுக்குப் பெரிய டாக்டர். நின்றவர் என்று சொன்னது பேச்சுக்கல்ல. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வெளிநோயாளிகள் அறையில் அவருடைய நாற்காலியை அவரே எடுத்து வெளியே போட்டுவிட்டார். "நாற்காலி இருந்தா உக்காரத் தோணும் சிஸ்டர்" என்றார். மதியம் ஜன்னலோரம் நின்றபடி தயிர்சாதம் சாப்பிடுவார். கண் வெளியே வரிசையில் இருக்கும். கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். அவர் அப்பா சந்நிதியில் நின்ற மாதிரியே இவர் இங்கே நிற்கிறார் என்று வாட்ச்மேன் ஏழுமலை சொல்வான்.

ஒரு நோயாளியைப் பார்த்து முடித்ததும் "நெக்ஸ்ட்!" என்று ஒரு குரல் கொடுப்பார். அது வராண்டாவைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, எதிர் டீக்கடைவரை கேட்கும். கடைக்காரர் அதை வைத்தே எத்தனை கிளாஸ் பால் ஊற்றுவது என்று முடிவு செய்வாராம்.

நல்ல மனிதர். யாரையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. ஆனால் களைப்பு என்ற சொல்லை அவரிடம் சொல்ல முடியாது. "களைப்புங்கறது ஒரு அறிகுறி. அது பேஷன்ட்டுக்கு வரும். நமக்கு வந்தா நாம பேஷன்ட். அட்மிட் பண்ணட்டுமா?" என்பார். அட்மிட் ஆக யாரும் விரும்பமாட்டோம். எங்கள் வார்டுகள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பணியாளர்களுக்கு அவர் எழுதித்தரும் ஒரே மருந்து டீ. தலைவலியா, டீ. காலில் வீக்கமா, டீ. மாமியார் தொல்லையா, டீ, கொஞ்சம் சர்க்கரை தூக்கலாக.

ஆள் பற்றாக்குறை எப்போதும் இருந்தது. காலியிடம் நிரம்பட்டும் என்பார்கள். நிரம்பும், உடனே இன்னொருத்தி மாற்றல் வாங்கிக்கொண்டு போவாள். அதனால் இரவுப் பணி முடித்தவளே மறுநாள் காலைப் பணிக்கும் நிற்பது வழக்கமாகிவிட்டது.

குணசுந்தரிக்கு நடந்தது இப்படித்தான்.

குணசுந்தரி கடப்பாக்கத்துப் பெண், என் தோழி. பிரசவ வார்டில் அவளைப்போலக் கைராசி யாருக்கும் கிடையாது. குழந்தை திரும்பிக் கிடந்தால் வயிற்றில் கை வைத்தே சொல்லிவிடுவாள். அன்று தொடர்ந்து சில இரவுகள் பார்த்துவிட்டு, காலையில் கர்ப்பிணிப் பெண்கள் பிரிவிலும் உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்ணின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். முழங்கை மடிப்பில் நாடி தேடினாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பல்பை அமுக்கிப் பாதரசத்தை மேலே ஏற்றினாள். அடுத்து பல்பின் திருகைத் தளர்த்த வேண்டும். பாதரசம் மெல்ல இறங்கும்போது முதல் துடிப்பு எங்கே கேட்கிறது, கடைசித் துடிப்பு எங்கே நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். குணசுந்தரி திருகைத் தளர்த்தவில்லை. கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிட்டாள்.

அந்தப் பெண் பாவம், முதல் பிரசவம். இதுவும் வைத்தியம்தான் போலிருக்கிறது என்று பொறுமையாக உட்கார்ந்திருக்கிறாள். விரல்கள் நீலம் பாயத் தொடங்கிய பிறகு, பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறாள்: "யக்கா, உனுக்கும் கை மரத்துப் போச்சா? எனுக்கு கை இருக்குதான்னே தெரியல."

பக்கத்தில் இருந்தவள் போட்ட கூச்சலில்தான் நான் ஓடிவந்து பட்டையை அவிழ்த்தேன். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தேய்த்துவிட்டதும் நிறம் திரும்பிவிட்டது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "சிஸ்டரு மூஞ்சியப் பாத்தாவே தெர்து, தூங்கி எம்மா நாளாச்சோ" என்று குணசுந்தரிக்கே தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பெரிய டாக்டர் வந்தார். அந்தப் பெண்ணின் கையை விரல் விரலாகப் பார்த்தார். பிறகு குணசுந்தரியைப் பார்த்து, "டீ குடிங்க சிஸ்டர்" என்றார். போய்விட்டார்.

துணி அறையில் குணசுந்தரி அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"இன்னாடி, ஒண்ணும் ஆவலியே. வுடு" என்றேன்.

"இன்னிக்குப் பட்டை. நாளைக்கு ஊசியா இருந்தா? மருந்தை மாத்திப் போட்டுட்டா?" மூக்கைச் சிந்தினாள். "நான் போறேன் கிரேசு. இந்த மாசத்தோட சரி. மகாபலிபுரத்துல அண்ணன் சங்குக் கடை வெச்சிகினு கீதே, அங்க குந்திகினு சங்கு விக்கிறேன். சங்குக்கு பிபி கெடையாது."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அண்ணனிடம் பேசிவிட்டாள். பெரிய டாக்டரிடமும் போய்ச் சொன்னாள். அவர், "காலியிடம் நிரம்பட்டும், பேசலாம்" என்றார். அவள் இருந்த இடமே காலியாகப் போகிறது என்று சொல்லவந்தவளிடம்தான் இதைச் சொன்னார்.

இது இரண்டாயிரத்தைத் தாண்டிய சமயம். அப்போதுதான் மேலிடத்திலிருந்து அந்த உத்தரவு வந்தது. மருத்துவப் பணியாளர்கள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள். அதைப் போக்க வேண்டும். முதல் கட்டமாகத் தினமும் காலையில் சிரிப்புப் பயிற்சி. இரண்டாவதாக, மாமல்லபுரம் கடற்கரையில் ஒருநாள் முகாம்.

பெரிய டாக்டருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் உத்தரவு என்று வந்துவிட்டால் அறுவைசிகிச்சைக் கருவிகளைக் கொதிக்கவைக்கும் அதே ஒழுங்கோடு செய்துமுடிப்பார். மறுநாள் காலை எல்லோரையும் வராண்டாவில் வரிசையாக நிறுத்தினார்.

"ஸ்டெப் ஒண்ணு. மூச்சை உள்ள இழுக்கணும். ஸ்டெப் ரெண்டு. வாயைத் திறக்கணும். ஸ்டெப் மூணு. சிரிப்பு. ஆரம்பிங்க."

யாரும் ஆரம்பிக்கவில்லை.

"நான் செஞ்சு காட்டறேன்" என்றார். அண்ணாந்து, "ஹா. ஹா. ஹா" என்றார். தொண்டையில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நாங்கள் நோயாளிகளை "ஆ" சொல்லச் சொல்வோமே, அதே சத்தம். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. அதைப் பார்த்து எங்களுக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குப் பயிற்சி பலிக்கிறது என்று திருப்தி. தினமும் நடத்தினார்.

ஒரு வாரம் போயிருக்கும். குடலிறக்க அறுவைசிகிச்சைக்காக ஒருவரை உள்ளே கொண்டுபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவருடைய தங்கை, சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மா, வெளியே சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நாங்கள் வராண்டாவில் ஹா ஹா ஹா என்று சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள்மேல் பாய்ந்துவிட்டார்.

"எங்க அண்ணன் உள்ள உசுரக் கையில புட்ச்சிகினு கீது, உங்களுக்கு இளிப்பு கேக்குதா? இன்னா கண்டு சிரிக்கிறீங்க? சொல்லு, நானும் சிரிக்கிறேன்!"

வாட்ச்மேன் ஏழுமலை குறுக்கே வந்தான். "யம்மா, கோவப்படாத. அவங்களா சிரிக்கல. ஆர்டரு வந்துகீது. சிரிக்கலன்னா மெமோ குடுப்பாங்க."

அந்த அம்மா நின்றுவிட்டார். எங்களை ஒருமுறை, பெரிய டாக்டரை ஒருமுறை பார்த்தார். டாக்டர் இன்னும் வாயை மூடவில்லை.

"சிரிக்கறதுக்குக்கூட ஆர்டரா?" என்றார். கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "ஐயய்ய. நாங்க எவ்ளோ தேவல. உங்க பொழப்பு ரொம்பப் பேஜாரா கீதே" என்று சொல்லிக்கொண்டே கேரியரைத் திறந்து எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு இட்லி கொடுத்தார். பெரிய டாக்டருக்கும் கொடுத்தார். அவர் அதை நின்றபடியே சாப்பிட்டார். அறுவைசிகிச்சை நன்றாக முடிந்தது. சிரிப்புப் பயிற்சியும் அன்றோடு முடிந்தது.

மிச்சம் இருந்தது கடற்கரை முகாம். நிறுவனத் தலைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவில் இருந்ததால் பெரிய டாக்டர் தப்பிக்க முடியவில்லை. அன்றைக்கு மட்டும் பக்கத்து ஊரிலிருந்து வேறு டாக்டரை அனுப்பியிருந்தார்கள். செவிலியர்களிலும் ஆயாக்களிலும் பாதிப்பேர் வேனில் ஏறினோம். பெரிய டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடும் கையில் அவசர மருந்துப் பெட்டியோடும் வேனில் நின்றபடியே வந்தார். குணசுந்தரி வந்ததற்குக் காரணம் வேறு. முகாம் நடக்கும் இடத்திலிருந்து அவள் அண்ணன் கடை நடக்கும் தூரம். மதியம் நழுவிப்போய் எந்த நாளிலிருந்து வருவது என்று பேசி முடிப்பதாகத் திட்டம்.

பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். இளைஞர், வெள்ளை ஜிப்பா, மைக். உண்மையிலேயே எங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது. கடல்காற்று வரும் ஒரு பெரிய கூடத்தில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னார். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஓர் அமைதியான இடத்தை மனதில் நினையுங்கள்..."

நினைப்பதற்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குணசுந்தரி கண்ணை மூடியதும் போய்விட்டாள்.

பயிற்சியாளர் நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு ஆழமான தியானத்துக்குப் போன ஒரு குழுவை நான் பார்த்ததே இல்லை" என்று மைக்கில் மெதுவாகச் சொன்னார். அப்போது பிரசவ வார்டு ஆயா குறட்டைவிட ஆரம்பித்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர்.

எனக்குக் காலில் குடைச்சல், தூக்கம் வரவில்லை. கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். பெரிய டாக்டர் படுக்கவில்லை. பாய்களுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தார். ரவுண்ட்ஸ். ஒவ்வொருத்தி முகத்தையும் நின்று குனிந்து பார்த்தார். குணசுந்தரியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அவள் தூக்கத்திலும் வலது கை விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள், பல்பை அமுக்குகிற மாதிரி.

பயிற்சியாளர் வந்து கிசுகிசுத்தார். "சார், அடுத்தது பலூன் விளையாட்டு. எல்லாரையும் எழுப்பணும்."

"எழுப்பாதீங்க."

"நிகழ்ச்சி நிரல்ல இருக்கு சார். போட்டோ வேற அனுப்பணும்."

பெரிய டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நீங்களும் நானும் ஆடலாம்" என்றார்.

ஆடினார்கள். வெளியே தாழ்வாரத்தில், வெள்ளை ஜிப்பாவும் ஸ்டெதஸ்கோப்பும் பலூன் ஊதிக் காற்றில் தட்டித் தட்டி விளையாடினார்கள். பலூன் வெடித்து யாரும் எழுந்துவிடக் கூடாது என்று பெரிய டாக்டர் ஒவ்வொன்றையும் பாதிதான் ஊதினார். சத்தம் வராமல் சிரிக்க நான் பாய் நுனியைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாடு ஆறிய பிறகுதான் எல்லோரும் எழுந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் கடைசிப் பயிற்சிக்குக் கடற்கரைக்கு அழைத்துப்போனார்கள். மனத்தில் அடைத்துவைத்திருப்பதையெல்லாம் ஒவ்வொருவராகக் கடலைப் பார்த்துக் கத்த வேண்டும். எங்களுக்குக் கூச்சம். குணசுந்தரிதான் முதலில் போனாள். எப்படியும் வேலையை விடப்போகிறவள், அவளுக்கென்ன பயம்? அலையில் கால் நனைய நின்றுகொண்டு கத்தினாள்:

"எனுக்குத் தூக்கம் வருது! எனுக்குத் தூக்கம் வருதுடா சாமீ!"

அப்புறம் எங்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. ஆளாளுக்குக் கத்தினோம். "என் காலு!" என்று ஒருத்தி. "இட மாறுதல்!" என்று ஒருத்தி. "அந்த எக்ஸ்ரே மெஷின் எப்ப வரும்?" என்று நான்.

சற்றுத் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் கயிற்றோடு வந்தார். ஒருவர் சட்டையைப் பாதி கழற்றியபடியே தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"எங்க? எங்க? யாரு பூட்டாங்க?"

"யாரும் போவலண்ணாத்த" என்றாள் குணசுந்தரி.

கயிற்றோடு வந்தவர் அவளை உற்றுப் பார்த்தார். "குணா சிஸ்டரா? எம்பொண்ணு உங்க கையிலதான பொறந்துச்சு! இன்னா ஆச்சு, ஏன் கூவுறீங்க?"

"பயிற்சிண்ணா. மனசு லேசாவறதுக்கு."

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கூவுனா லேசாவுமா? எங்க வூட்டுக்காரி டெய்லி கூவுறா, ஒண்ணும் லேசாவலியே." திரும்பிப் போகாமல், அவரும் கூட்டாளிகளும் மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். வேடிக்கை பார்க்க.

இனிப் பெரிய டாக்டரின் முறை.

அவர் செருப்பைக் கழற்றி வைத்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அலைவரை நடந்தார். நேராக நின்றார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. மறுபடி மூச்சை இழுத்தார். எங்களுக்கெல்லாம் ஒருமாதிரி ஆகிவிட்டது. விட்டுவிடலாமே என்று இருந்தது. அப்போது அந்தக் குரல் வந்தது.

"நெக்ஸ்ட்!"

அலை வந்தது. போனது.

"நெக்ஸ்ட்!"

மீனவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல என்னைக் கேட்டார்:

"அடுத்து யாரும் இல்லையா சிஸ்டர்?"

"இல்ல சார். யாரும் இல்ல."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும் இல்ல சார்."

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் பார்த்திராத காட்சி. உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். தலை மணலில் படும்போதே தூங்கிவிட்டார்.

பயிற்சியாளர் ஓடிவந்தார். "சாருக்கு என்ன ஆச்சு? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

நாங்கள் யார் என்று அப்போது எங்களுக்கே ஞாபகம் வந்தது. பேச்சே இல்லாமல் வேலை நடந்தது. ஒருத்தி மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நான் மணிக்கட்டில் நாடி பிடித்தேன், சீராக இருந்தது. கூடத்திலிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்து, அதில் மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினோம். வெயில் முகத்தில் விழாமல் குடை பிடித்தோம். சூரியன் நகர நகரக் குடையும் நகர்ந்தது. கயிற்றோடு வந்தவர், அலை இன்னும் மேலே ஏறும் என்று சொல்லி, கூட்டாளிகளோடு சேர்ந்து பாயோடு தூக்கிக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் படுக்கவைத்தார். அப்போதும் பெரிய டாக்டர் எழுந்திருக்கவில்லை.

குணசுந்தரி அவசரப் பெட்டியிலிருந்து முள் வைத்த சின்ன பிபி கருவியை எடுத்தாள். பட்டையைச் சுற்றினாள். காற்றை ஏற்றினாள். திருகைத் தளர்த்தினாள். முள் இறங்கும்வரை அவள் கண் சிமிட்டவில்லை. இன்னொரு முறையும் பார்த்தாள். தூங்குகிற மனிதனுக்கு இருக்கக்கூடாத அளவு அது.

பட்டையை அவிழ்க்கும் சத்தத்தில் அவர் கண் திறந்தார். "எவ்வளவு சிஸ்டர்?"

"சொல்லமாட்டேன் சார். படுங்க."

"சிஸ்டர், நான் டாக்டர்."

"இல்ல சார். இப்ப நீங்க பேஷன்ட்."

அவர் மறுபடி தலையைச் சாய்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இருட்டும்வரை தூங்கினார். குணசுந்தரி பக்கத்தைவிட்டு நகரவில்லை. சங்குக் கடையில் அண்ணன் அவளுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது வேனில் பெரிய டாக்டர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தார். உட்கார்ந்துகொண்டுதான். மணல் ஒட்டிய தலையோடு திரும்பிக் கேட்டார்:

"குணசுந்தரி, நீங்க போகாம இருக்க நான் என்ன பண்ணணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "நைட் பாத்தா மறுநாள் வூட்டுக்குப் போவணும் சார். வேற ஒண்ணும் வேணாம். முகாம் வேணாம், பலூன் வேணாம்."

"ஆள் எங்க இருக்கு?"

"இருக்கு சார். துணி எண்ணுறதுக்கு ஒருத்தி, மேல இருந்து ஆபீசர் வந்தா வாசல்ல பூ குடுக்கறதுக்கு ரெண்டு பேரு, ஆபீசுக்குக் கணக்கு எழுதிக் குடுக்கறதுக்கு ஒருத்தி. அதெல்லாம் நர்சு வேலையா? ஆபீஸ் ஆளுங்க பாக்கட்டும்."

வேன் போய்க்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் வழியே சவுக்குத் தோப்பின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார்.

செய்தார். அலுவலகத்தில் ஒரே ரகளை. பெரிய கிளார்க் துணி எண்ண மாட்டேன் என்று மூன்று முறை வந்து நின்றார். பெரிய டாக்டர் அவரை டீ குடிக்கச் சொன்னார். இரவுப் பணி பார்த்தவள் மறுநாள் வீட்டுக்குப் போனாள். அண்ணனிடம் குணசுந்தரி, சங்கு அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு பல வருடம் அதே பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றாள்.

டூட்டி போடும் பொறுப்பு அவளிடம் வந்ததும் முதலில் செய்தது, பெரிய டாக்டரின் பெயரையும் அதில் எழுதியது. ஞாயிறு: ஆஃப். காலையில் ஒரு மாத்திரை, கட்டாயம். அன்றைக்கு அவரை உள்ளே விடக்கூடாது என்று ஏழுமலையிடமும் சொல்லிவைத்தாள்.

முதல் ஞாயிறே அவர் வந்துவிட்டார். ஏழுமலை கேட்டைச் சாத்திக்கொண்டு நின்றான். "சார், இன்னிக்கு உங்களுக்கு ஆஃபு."

"சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்பா."

"குணா சிஸ்டரு என்னைக் கொன்னுடும் சார். வூட்டுக்குப் போங்க."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார், போனார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. எங்களுக்குக் கவலையாகிவிட்டது. பிபி ஏறி ஏதாவது ஆகியிருக்குமோ? ஏழுமலையை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு அம்மா குடையோடு வராண்டாவில் ஏறி வந்தார். சிவந்த, ஒல்லியான அம்மா. நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"டாக்டருக்கு லீவு குடுத்தது யாரு?" என்றார்.

எல்லோரும் குணசுந்தரியைப் பார்த்தோம். அவள் எழுந்து நின்றாள். "நான்தாம்மா. நீங்க..."

"அவரோட ஆம்படையா. ஏம்மா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா நான் உண்டு, என் வீடு உண்டுன்னு இருந்தேன். இப்போ அடுக்களையில வந்து நின்னுண்டு எல்லாத்தையும் ஒழுங்கு பண்றார். மிளகா டப்பா, பருப்பு டப்பா எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டிட்டார். நான் கரண்டியைத் தொட்டா கை அலம்பினியாங்கறார். பக்கத்தாத்துக்காரி சக்கரை கடன் கேக்க வந்தா, அவளை நாக்கை நீட்டச் சொல்றார்."

குணசுந்தரி அவர் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்தினாள். "டீ குடிக்கிறீங்களாம்மா?" என்றாள்.

"டீயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அவருக்கு மட்டும்தான் ஓய்வா? எனக்கும் ஒரு நாள் எழுதிக் குடு."

குணசுந்தரி உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். அந்த அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிரசவ வார்டில் வலியோடு வருகிறவளைப் பார்க்கிற அதே பார்வை. டூட்டி போடும் தாளின் கடைசியில் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகப் பெரிதாக 'ஆஃப்' என்று போட்டாள்.

அடுத்த ஞாயிறு டாக்டரின் மனைவி தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அதே நாள் பதினோரு மணிவாக்கில் பெரிய டாக்டர் கேட்டுக்கு வந்து நின்றார். வலது கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தார். சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டதாம். ஏழுமலை குணசுந்தரியைப் பார்த்தான். குணசுந்தரி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கேட் திறக்கவில்லை. நான் ஒரு ஸ்டூலை வெளியே கொண்டுபோய்ப் போட்டு, அவரை உட்காரவைத்து, புளியமர நிழலில் வைத்தே களிம்பு தடவிக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினேன்.